முதுகு காட்டிய டிரான்சிஸ்டர்

"நீ செஞ்சியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"எதை?"

"படகு விளக்குப் பாட்டரியைத்தான். புதுசை எடுத்துட்டுப் பழசை வெச்சுட்டேன்னு ஊரே பேசுது."

"ஊர் பேசட்டும். நீங்க கேக்குறீங்களா, அகோத் அப்பா?"

அவள் கணவன் ஒலாங்கோ, காலியாகிவிட்ட தேநீர்க் கோப்பையை இன்னொரு முறை வாயில் வைத்துக் குடித்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

காலையில் நடந்த இந்தப் பேச்சை நெரியா அவுவோர் மத்தியானத்துக்குள் நூறு தடவையாவது மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. ஒன்பது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவன் கேட்கிற கேள்வியா அது?

ஒசேரே ஏரிக்கரையில் இருபத்தாறு மீன்படகுகள். 'இருட்டு' என்று கரை சொல்லும் நிலவில்லாத ராத்திரிகளில்தான் ஒமேனா மீன் விளக்கைத் தேடி மேலே வரும். நெத்திலியைவிடச் சிறிய அந்த மீன்தான் கரைக்குச் சோறு. அந்த இருபத்தாறு விளக்குகளையும் பழுது பார்ப்பவள் நெரியா. இந்த இருட்டு தொடங்கும் முன்பும் அவள்தான் பார்த்துக் கொடுத்தாள். முதல் ராத்திரி விளக்குகள் அழுது வடிந்தன. மறுநாள் செத்தே போயின. பாட்டரியை மறுபடி சார்ஜ் போட்டால், சாயங்காலத்துக்குள் மறுபடி காலி. ஐந்து நாளாகப் படகுகள் கரையிலேயே கிடக்கின்றன.

"புதுப் பாட்டரிகளை அவள் திருடி விற்றுவிட்டாள்" என்றார் கரைக் கமிட்டித் தலைவர் மேஷாக் ஒபாரா. மூன்று மணிக்கு மீன் எடை போடும் கொட்டகையில் கூட்டம். அங்கே அவளுக்கு எதிராகக் கை தூக்கிவிட்டால் அவள் கடைக்குப் பூட்டு. ஒலாங்கோவின் படகும் இனி இந்தக் கரையில் ஒதுங்க முடியாது.

இப்போது மணி ஒன்று.

கடை வாசலில் ஒரு மோட்டார் பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பின்னாலிருந்து ஓர் அம்மாள் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற மாதிரி ஊதாத் தொப்பி, கையில் தோல் பை. கிசுமு நகரத்தில் காணாமல் போன மாட்டிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரை கண்டுபிடித்துக் கொடுக்கிற ஸிப்போரா அடோயோ அவள்தான். நெரியாதான் போன் போட்டு வரவழைத்திருந்தாள். பைக்கை ஓட்டி வந்தவன் அவளுடைய உதவியாள் ஹெஸ்போன் ஓகல். ஒல்லி உடம்பு, முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி.

"நெரியா நீதானா?" என்றாள் ஸிப்போரா. "தலைவரைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். அவர் ஒரு சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கார். கூட்டத்துல எழுந்து ஒரு மன்னிப்பு கேட்டுட்டா, கடையை மட்டும் மூடிட்டு உன் வீட்டுக்காரர் படகை விட்டுடுவாராம்."

"நல்ல வியாபாரம் அக்கா" என்றான் ஹெஸ்போன். "எங்க ஊர்ல மன்னிப்புக்கு ஒரு ஆடும் சேர்த்துக் கேப்பாங்க."

"செய்யாததுக்கு நான் மன்னிப்பு கேட்டா, செஞ்சவனுக்கு நானே வக்கீல் ஆயிடுவேன்" என்றாள் நெரியா. "போய்ச் சொல்லிடுங்க. கடைக்குப் பூட்டுப் போடலாம். என் வாய்க்குப் போட முடியாது."

ஸிப்போரா ஹெஸ்போனைத் திரும்பிப் பார்த்தாள். "கட்சிக்காரி பொய் சொல்றாளான்னு எப்பவும் கேப்பியே. இப்ப என்ன சொல்ற?"

"பொய் சொல்றவங்க முதல்ல டீ கொடுப்பாங்க மேடம். இவங்க கொடுக்கலை."

நெரியாவுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. டீ போட எழுந்தாள். ஸிப்போரா அவளைக் கையமர்த்திவிட்டு, தோல் பைக்குள்ளிருந்து ஒரு விளக்கை எடுத்து மேசை மேல் வைத்தாள். கரையின் இருபத்தாறில் ஒன்று.

"இது எப்படி உங்க கையில? எல்லாத்தையும் கமிட்டி கொட்டகையில வெச்சுப் பூட்டிட்டாங்களே! நான் கெஞ்சியும் ஒண்ணைக்கூடத் திறந்து பார்க்க விடலை."

"கொடுத்தவர் பேரைச் சொல்ல வேண்டாம்னார். திற."

நெரியா நான்கு திருகுகளைக் கழற்றினாள். உள்ளே இருந்த பச்சைப் போர்டைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"இது என் வேலை இல்லை."

"எப்படிச் சொல்ற?"

அவள் போர்டிலிருந்த ஒரு சின்னக் கறுப்புப் பொருளை விரலால் தொட்டாள். அவரைக் கொட்டையில் பாதி இருக்கும். முன்பக்கம் தட்டை, பின்பக்கம் வளைவு, கீழே மூன்று கால்கள். தட்டையான முகத்தில் 2222 என்று எண். அதற்கடியில் போர்டில் வெள்ளை மையால் அரை நிலா வடிவில் ஒரு படம் அச்சடித்திருந்தது. படத்தின் தட்டைப் பக்கத்தில் டிரான்சிஸ்டரின் தட்டை முகம் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

"அழகா உக்காந்திருக்கே" என்றான் ஹெஸ்போன். "பள்ளிக்கூடத்துல முதல் பெஞ்சு மாதிரி."

"அதான் தப்பு." நெரியா சூட்டுக்கோலால் ஈயத்தை இளக்கி அதைக் கழற்றினாள். தன் தகர டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அதே 2222. இரண்டையும் ஸிப்போராவின் உள்ளங்கையில் வைத்தாள். "வித்தியாசம் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கடையில எண்ணைச் சொல்லித்தான் கேப்போம். 'நாலு ரெண்டு கொடு'ம்போம். அவன் டப்பாவுல கைவிட்டு அள்ளிக் கொடுப்பான். இதை ஒரு தண்ணிக் குழாய்னு வெச்சுக்கங்க. நடுக்கால் திருகு. ஒரு பக்கத்துக் கால் தண்ணி வர்ற வழி, மறுபக்கத்துக் கால் போற வழி. நாலு ரெண்டைப் பல கம்பெனி செய்யுது. ஒரு கம்பெனிக்கு வர்ற வழி வலது கால். இன்னொரு கம்பெனிக்கு இடது கால். முகத்துல எண் மட்டும் ஒண்ணு."

"இரட்டைப் பிள்ளைங்கள்ல ஒருத்தன் சோத்துக்கை, ஒருத்தன் பீச்சாங்கை" என்றான் ஹெஸ்போன்.

நெரியா மீட்டரை எடுத்தாள். அதன் மூன்று துளைகளில் தன்னுடையதைச் சொருகினாள். இருநூறு என்று காட்டியது. கழற்றியதை அதே மாதிரி சொருகினாள். வெறும் நாலு. அதையே முகத்தைத் திருப்பிச் சொருகினாள். இருநூற்றுப் பத்து.

ஸிப்போராவின் தொப்பி மெல்ல அசைந்தது. "ஆக, பொருள் நல்லதுதான். உக்காந்த விதம்தான் தப்பு."

"ஆமா. இந்த வகை கையில வந்தா, படத்துக்கு முதுகு காட்டி வைக்கணும். நான் படத்தை நம்பறதே இல்லை. ஒவ்வொண்ணையும் மீட்டர்ல போட்டுப் பார்த்துத்தான் பத்த வைப்பேன்."

"அப்ப இதை வெச்சவன் விளக்கு எரியுதான்னு பார்க்காமலா கொடுத்தான்?"

"பார்த்திருப்பான். மேசை மேல ஆறு வோல்ட் ரேடியோ பாட்டரியில பார்த்திருப்பான். அதுல கொஞ்சம் மங்கலா எரியும், அணைச்சா அணைஞ்சுடும். படகுல பன்னிரண்டு வோல்ட். அங்க அணைச்சாலும் முழுசா அணையாது. உள்ள பூனைக்கண்ணு மாதிரி மினுங்கிக்கிட்டே இருக்கும். பகல் வெளிச்சத்துல யாருக்குத் தெரியும்? பொழுது பூரா பாட்டரியைக் குடிச்சுட்டுச் சாயங்காலம் கையை விரிச்சுடும்."

"எங்க சித்தப்பா மாதிரி" என்றான் ஹெஸ்போன்.

ஸிப்போரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ கொடுத்த அப்புறம் இந்த விளக்குங்க யார் கையில இருந்துச்சு?"

"கமிட்டி கொட்டகையில ரெண்டு நாள். தலைவரோட தங்கை மகன் ஃபெலிக்ஸ் மூணு மாசம் டவுன்ல ரிப்பேர் கோர்ஸ் படிச்சுட்டுச் சான்றிதழோட வந்திருக்கான். 'அவன் சும்மா துடைச்சுத்தான் கொடுத்தான்'னு தலைவர் சொல்றார்."

"கூட்டத்துல நீ இந்தக் கதையைச் சொன்னா, 'அந்தத் தப்பைச் செஞ்சதே நீதான்'னு அவர் திருப்பி விடுவார். உனக்கு இந்தத் தந்திரம் முன்னாலேயே தெரியும்கிறதுக்கு என்ன சாட்சி?"

நெரியா வாயைத் திறந்தாள். சட்டென்று எதுவோ பொறி தட்டியது.

"ஒரு விளக்கு வந்துச்சு! இருட்டு தொடங்கின ரெண்டாம் நாள் மத்தியானம். முன்பின் தெரியாத ஒரு பைக்காரன் கொண்டு வந்தான். அக்கரைப் படகோட விளக்கு, அவசரம்னான். உள்ள இதே மாதிரி நாலு ரெண்டு, முகத்துக்கு முகம். திருப்பி முதுகு காட்டி வெச்சுக் கொடுத்தேன். அக்கரைதானேன்னு அதை அப்பவே மறந்துட்டேன்."

"அக்கரையில விளக்குக் கடையே இல்லையா?" என்றாள் ஸிப்போரா.

"மூணு இருக்கு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு கடையைத் தாண்டி ஏரியைச் சுத்தி ஒரு விளக்கு வந்திருக்கு" என்றாள் ஸிப்போரா. "அது அக்கரை விளக்கு இல்லை. இந்தக் கரை விளக்கு. ஐஞ்சு நாளா எரிஞ்சுக்கிட்டிருக்கு. மத்த எல்லாரும் படகைக் கட்டிட்டுத் தூங்கினதால யாரும் பார்க்கலை. அது யாரோடது?"

"ஒவ்வொரு படகாப் போய் விளக்கைக் காட்டுன்னு கேக்கலாமா மேடம்?"

"விளக்கை ஒளிச்சுடலாம். மீனை எங்க ஒளிப்பாங்க?"

அவள் எழுந்துவிட்டாள்.

மீன் காயவைக்கும் திடல் கடைக்குப் பின்னால்தான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரையில் விரிக்க ஒரு வலை. வழக்கமாக இந்த நேரத்தில் திடலே வெள்ளிக்காசு கொட்டினாற்போல் மின்னும். இன்றைக்கு வலைகள் சுருட்டிக் கிடந்தன. இரண்டு நாய்கள் மட்டும் பழைய ஞாபகத்தில் தரையை முகர்ந்துகொண்டிருந்தன.

திடலின் கோடியில் கள்ளி வேலி. வேலிக்கு அந்தப்புறம் தலைவர் வீட்டு முற்றம். ஸிப்போரா மூக்கை ஒரு முறை சுளித்தாள். பிறகு வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

முற்றம் நிறைய ஒமேனா. ஈரம் காயாமல் பளபளத்தது. தலைவரின் மனைவி பெரிஸ் குனிந்து மீனைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். நெரியாவைவிடப் பத்து வயது மூத்தவள். கரையில் யாரோடும் அதிகம் பேசாதவள்.

"அக்கரையில வாங்கினது" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

நெரியா குனிந்து ஒரு மீனை எடுத்தாள். நகத்தால் அதன் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தாள். இன்னொன்று. மற்றொன்று. எல்லாம் கெட்டியாக இருந்தன.

"பெரிஸ் அக்கா, அக்கரையிலிருந்து வந்தா காய்ஞ்சு சாக்குல வரும், உள்ள நறநறன்னு மணல் இருக்கும். பச்சையா ஏத்தினா இந்த வெயிலுக்குப் பாதி ஏரி தாண்டறதுக்குள்ள வயிறு வெடிச்சுடும். இது இன்னிக்குக் காலையில நம்ம தண்ணியில பிடிச்சது. மீன் கழுவற உங்களுக்குத் தெரியாதா?"

பெரிஸ் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். "கேட்டா என்ன சொல்லணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றாள் மெதுவாக. "வயித்தை அமுக்கிப் பார்ப்பாங்கன்னு சொல்லிக் கொடுக்கலை."

"விளக்கு எங்கம்மா?" என்றாள் ஸிப்போரா.

பெரிஸ் தண்ணீர்ப் பக்கம் முகவாயைக் காட்டினாள். கரையிலிருந்து இருபது அடி தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் தலைவரின் நீலப் படகு நங்கூரம் போட்டு நின்றது. "அதுல இருக்கு. வீட்டுச் சாமான் எல்லாம் என் பொறுப்பு. நான் கொடுத்தா அது திருட்டு ஆகாது. எடுத்துக்கங்க."

ஸிப்போரா செருப்பைக் கழற்றப் போனாள். நெரியா அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம் மேடம். இந்தக் கரையில பொம்பளை மீன்படகுல கால் வைக்கக் கூடாது. வெச்சா அந்தப் படகுக்கு மீன் வராதாம். அந்தச் சாக்கை வெச்சே கேஸை முடிச்சுடுவாங்க."

இரண்டு பெண்களும் ஹெஸ்போனைப் பார்த்தார்கள். பெரிஸும் பார்த்தாள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? எனக்கு நீச்சல் தெரியாது."

"இடுப்பளவுதான்" என்றாள் நெரியா.

"யார் இடுப்பு? அந்த அக்கா இடுப்பா, என் இடுப்பா? போன வாரம் இங்கதான் நீர்யானை ஒருத்தரை விரட்டுச்சாம்."

"அது சைவம்தான். போ" என்றாள் ஸிப்போரா.

ஹெஸ்போன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே தண்ணீரில் இறங்கினான். மூன்றடிக்கு ஒரு முறை ஆண்டவரைக் கூப்பிட்டான். திரும்பி வரும்போது விளக்கைத் தலைமேல் வைத்திருந்தான்.

நெரியா திருப்புளியை எடுத்தாள்.

"இப்ப வேண்டாம்" என்றாள் ஸிப்போரா. "நாம தனியாத் திறந்தா நாமளே மாத்தி வெச்சோம்பாங்க. எல்லாரும் பார்க்கத் திறப்போம்."

மூன்று மணிக்குக் கொட்டகையில் உட்கார இடமில்லை. ஆண்கள் படகு பலகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளிச்சுவர் ஓரமாக நின்றார்கள். ஒலாங்கோ ஒரு தூணுக்குப் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். நெரியா அவன் பக்கம் பார்க்கவில்லை.

தலைவர் மேஷாக் ஒபாரா பருத்த மனிதர். நல்ல குரல். "இருபத்துநாலு விளக்கு இதோ குவிச்சு வெச்சிருக்கேன். என் விளக்கோட சேர்த்தா இருபத்தஞ்சு. ஒண்ணைக் காணோம். அதையும் இந்தம்மாதான் திருடியிருக்கணும்."

"திருடலை" என்று தூணோரத்திலிருந்து குரல் வந்தது. ஒலாங்கோ எழுந்து நின்றிருந்தான். "அது என் படகு விளக்கு. கொட்டகையைப் பூட்டறதுக்கு முன்னாலேயே எடுத்து வெச்சிருந்தேன்; காலையிலேர்ந்து பஸ் நிறுத்தத்துல காத்திருந்து, பைக்ல வந்த கிசுமு மேடம் கையில நான்தான் கொடுத்தேன். என் பொண்டாட்டி திருடியிருந்தா, திறந்து பாருங்கன்னு நான் ஏன் கொடுக்கப் போறேன்?"

நெரியா இப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் பதில் சொல்லாமல் எழுந்து போனவன் போன இடம் அதுவா?

"பொண்டாட்டி பேச்சைக் கேக்கறவன் படகு நேராப் போகாது" என்றார் தலைவர். சிலர் சிரித்தார்கள்.

"படகு நேராப் போறது இருக்கட்டும்" என்றாள் ஸிப்போரா. தோல் பையிலிருந்து இரண்டு விளக்குகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் நீலப் பெயின்ட் தெறித்திருந்தது. "இது யாரோடதுன்னு தெரியுதா?"

தலைவரின் முகம் ஒரு கணம் மாறிப் பழையபடி ஆனது. "என்னோடது. என் படகுல ஏறினது யார்?"

"தண்ணியில இறங்கினது நான். இன்னும் காயலை" என்றான் ஹெஸ்போன்.

"இந்த விளக்கை நெரியா எப்பப் பழுது பார்த்தா தலைவரே?"

"எல்லாத்தோடவும்தான். இருட்டுக்கு முன்னால. அதுக்கப்புறம் யாரும் தொடலை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? யாரும் தொடலை."

நெரியா முதலில் ஒலாங்கோவின் விளக்குப் போர்டைக் காட்டினாள், நாலு ரெண்டின் கதையைச் சொன்னாள். மீட்டரில் நாலும் இருநூற்றுப் பத்தும் வருவதை முன்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு நீலப் பெயின்ட் விளக்கின் திருகுகளைக் கழற்றினாள். அவள் எதிர்பார்த்தபடியே இருந்தது. வெள்ளைப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு 2222.

தலைவர் கையைத் தட்டினார். கொட்டகையே அதிர்ந்தது.

"பார்த்தீங்களா! முதுகு காட்டி வைக்கிறது தன்னோட வழக்கம்னு இவளே இப்பத்தான் சொன்னா. என் விளக்குல இருக்கிறது இவ கை. அப்ப அந்த மட்டமான சரக்கு இவ கடைச் சரக்கு! ஒண்ணைச் சரியா வெச்சா, மத்ததைக் கெடுத்தா. இவ வாயாலேயே மாட்டிக்கிட்டா!"

கூட்டம் உறுமியது. "கையைத் தூக்குங்க" என்று யாரோ கத்தினார்கள். பாதிக் கைகள் மேலே போயின. நெரியா மேசையை விட்டு நகரவில்லை.

"தூக்கின கையைக் கீழ போடாதீங்க" என்றாள். "தூக்கினவங்க ஒவ்வொருத்தரா வாங்க. உங்க உங்க விளக்கை நீங்களே திறங்க. நான் தொட மாட்டேன். உள்ள முகம் தெரியுதா, முதுகு தெரியுதான்னு மட்டும் சத்தமாச் சொல்லுங்க."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவன் வந்தான். "முகம்" என்றான். அடுத்தவன், "முகம்." மூன்றாமவன், "முகம்." பதினோராவது ஆள் வரும்போது குரல்கள் ஏற்கெனவே மாறிவிட்டிருந்தன. கை தூக்காதவர்களும் வந்து திறந்தார்கள்; இருபத்துநாலும் முகம்தான். எல்லாம் படத்தோடு கச்சிதமாகப் பொருந்தி, பாடம் ஒப்பிக்கும் பிள்ளைகளைப் போல் உட்கார்ந்திருந்தன.

"படத்தை அப்படியே நம்பற கை ஒண்ணு. மீட்டரை நம்பற கை ஒண்ணு" என்றாள் ஸிப்போரா. "இருபத்தாறையும் படத்தைப் பார்த்துப் பத்த வெச்ச கை எதுன்னு நான் கேக்கலை. கோர்ஸ்ல முதல் நாள் சொல்லித் தர்றதே அதுதான்."

பின்வரிசையில் ஃபெலிக்ஸ் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "புதுசா மாத்தினா நல்லதுன்னு நினைச்சேன்" என்றான் கேட்டும் கேட்காத குரலில். "எண் ஒண்ணாத்தான் இருந்துச்சு. மாமாதான் இதை ஒரு பை நிறைய வாங்கிட்டு வந்து கொடுத்தார்."

"சின்னப் பையன் தப்பு பண்ணிட்டான், விடுங்க!" என்றார் தலைவர் வேகமாக. "எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் என் கேள்வியும்" என்றாள் ஸிப்போரா. "ஃபெலிக்ஸ் கொட்டகையில வெச்சப்ப உங்க விளக்கும் முகத்துக்கு முகம்தான் இருந்திருக்கும். அதுக்கப்புறம் யாரும் தொடலைன்னு நீங்கதான் இப்ப ரெண்டு தடவை சொன்னீங்க. அது எப்படித் தானா எழுந்து திரும்பி உக்காந்துச்சு?"

தலைவர் தன் விளக்கை எடுக்கக் கையை நீட்டினார். ஹெஸ்போன் அதைத் தன் பக்கம் தள்ளி வைத்தான்.

சுவரோரத்திலிருந்து பெரிஸ் முன்னால் வந்தாள். கைகளில் இன்னும் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"நான்தான் அனுப்பினேன். ரெண்டாம் நாள். வெளியூர் பைக்காரன்கிட்ட, அக்கரை விளக்குன்னு சொல்லச் சொல்லி. என் வீட்டுக்காரர் சொன்னார், செஞ்சேன். நெரியா ஒரே மணி நேரத்துல சரி பண்ணிக் கொடுத்துட்டா. அதை மத்தவங்களுக்கும் சொல்லலாமேன்னு கேட்டேன். சொன்னா ஃபெலிக்ஸ் பேர் போயிடும், அந்தப் பையை வாங்கின தன் பேரும் போயிடும்னார். ஐஞ்சு நாளா எங்க படகு மட்டும் நிறைஞ்சு வந்துச்சு. உங்க பிள்ளைங்க வெறுங்கஞ்சி குடிச்சதை நானும் பார்த்தேன். என் வீட்டுலயும் யாரும் நிம்மதியாச் சாப்பிடலை."

இருபத்தைந்து படகுக்காரர்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தலைவர் பலகையில் பொத்தென்று உட்கார்ந்தார். அவரை அடிக்க ஓடியவர்களை ஸிப்போரா தன் ஊதாத் தொப்பியோடு குறுக்கே நின்று தடுத்தாள். "தலைவரை மாத்தணும்னா அதுக்கும் கைதான் தூக்கணும். காலைத் தூக்காதீங்க!"

"மேடம், அந்தப் பெரிய ஆள் என் கண்ணாடியை மிதிச்சுட்டார்" என்றான் ஹெஸ்போன் கீழேயிருந்து.

சத்தம் அடங்க வெகு நேரமாயிற்று. புதிய தலைவரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இருட்டு இன்னும் நான்கு ராத்திரி பாக்கி. பொழுது சாய்வதற்குள் இருபத்தைந்து டிரான்சிஸ்டர்களையும் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டார்கள். நெரியா சூட்டுக்கோலைச் சூடாக்கிக்கொண்டே, "ஃபெலிக்ஸ், இங்க வா. நீ கழட்டு, நான் வைக்கிறேன்" என்றாள். அவன் ஓடி வந்தான்.

"நாங்க உன்னை என்னென்னவோ பேசிட்டோம், ஃபுண்டி" என்றான் முதலில் கை தூக்கியவன். அந்தக் கரையில் மெக்கானிக்கை அப்படித்தான் அழைப்பார்கள். "மனசுல வெச்சுக்காதே. கரை உனக்கு ஏதாவது செய்யணும். என்ன வேணுமோ கேளு."

"கடைக்குப் புதுக் கூரை போட்டுடலாம்" என்றான் ஒருவன்.

"நாளைக்கு முதல் கூடை மீன் ஃபுண்டிக்குத்தான்" என்றான் இன்னொருவன்.

நெரியா கையிலிருந்த விளக்கைப் பார்த்தாள். ஒன்பது வருடமாகச் சாயங்காலந்தோறும் இதே ஈரமணலில் நின்றுதான் இவற்றை அனுப்பிவைக்கிறாள். படகுகள் முனையைத் தாண்டித் திரும்பியதும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. விடிந்து ஒலாங்கோ வந்ததும், "எப்படி எரிஞ்சுது?" என்று கேட்பாள். "எரிஞ்சுது" என்பான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்சத்தை அவளாகவே நினைத்துக்கொள்வாள். கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் நாக்கு வரை வந்திருக்கிறது. கேட்டால் அவனுக்கு ஊரில் கேவலம் என்று விழுங்கியிருக்கிறாள்.

சூட்டுக்கோலைக் கீழே வைத்தாள். தூணோரத்தில் நின்றிருந்த கணவனைப் பார்த்தாள். மகள் பேரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவது வழக்கம். இன்றைக்கு அத்தனை ஆண்களுக்கும் கேட்கும்படி அவன் பேரையே சொன்னாள்.

"ஒலாங்கோ, கூரையும் வேண்டாம், மீனும் வேண்டாம். இன்னிக்கு ராத்திரி உங்க படகுல எனக்கு ஓர் இடம் கொடுங்க. என் விளக்கெல்லாம் தண்ணி மேல எப்படி எரியுதுன்னு நான் பார்க்கணும்."